விழுந்த மரத்தில் வைத்த கல்

கூக்கால்
14-11-1957

அன்புள்ள கொழுந்தனார் குமாரவேலுக்கு மதினி கந்தம்மாள் எழுதுவது.

இங்கே நான், உங்கள் அண்ணன், செவலைப் பசு மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மூவரில் அதிகம் பேசுவது பசுதான். அங்கே நீங்களும் தங்கச்சி சண்முகசுந்தரியும் சுகம்தானே? குமாஸ்தா வேலையில் வக்கீல் ஐயாவின் கேஸ் கட்டுகளைச் சுமந்து கழுத்து சுளுக்காமல் இருக்கிறதா?

சிரிக்கமாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலை இப்போது எஸ்டேட் கேட்டில் தொங்குகிறது. நான் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நடந்தது இதுதான். துரை விற்றுவிட்டுப் போன வாட்டில் என்கிற சீமை மரக் காட்டைப் புது முதலாளி வாங்கி, தன் மகள் பேரில் தமயந்தி எஸ்டேட் என்று பலகை வைத்துச் சுற்றிலும் முள்கம்பி இழுத்துவிட்டார். போன வாரம் அடித்த பேய்க்காற்றில் உள்ளே ஏகப்பட்ட மரம் சாய்ந்துவிட்டது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நிற்கிற மரத்தைத் தொடமாட்டோம். காற்று தள்ளியதை முதலில் கண்டவர் அதன் மேல் மூன்று கல் வைத்தால் பட்டை அவருக்கு. உரித்துக் காயவைத்தால் முகைதீன் ராவுத்தர் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வாங்கிக்கொள்வார். துரை இருந்த காலம் வரை இப்படித்தான்.

நானும் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு கம்பிக்கு அடியில் நுழைந்தேன். கல் உள்ளே போனது, நானும் போனேன், சேலை வரவில்லை. அதற்குள் காவக்காரன் சுப்புராஜ் விசில் ஊதிவிட்டான். பட்டாளத்தில் இருந்தவன். மீசையை வளர்த்துவிட்டு அதற்குப் பின்னால் ஆளை ஒட்டவைத்த மாதிரி இருப்பான். சேலையைக் கேட்டில் கட்டி, "களவாணிச் சேலை, வந்து பாருங்கடா" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிடுகிறான்.

காற்று தள்ளியதை எடுத்தால் சட்டத்தில் தப்பா? வக்கீலைக் கேட்டு வெரசா எழுதுங்கள். சேலை உங்கள் காசு, அதனால் பாதி அவமானம் உங்களுடையது.

மதினி
கந்தம்மாள்


மதுரை
25-11-1957

மதிப்பிற்குரிய மதினிக்குக் குமாரவேல் வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அண்ணனுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? பனியில் போகவேண்டாம் என்று சொல்லவும்.

மதினி, இது விளையாட்டுக் காரியம் இல்லை. பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அங்கிருந்து எதையும் எடுத்தால் திருட்டு. மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. காற்று தள்ளியது, தானாக விழுந்தது என்பதெல்லாம் செல்லாது. இன்னும் சொல்லப்போனால், வேரோடு மண்ணில் நிற்கும் வரை மரத்தைச் சட்டம் திருடத்தக்க பொருளாகவே கருதுவதில்லை. மண்ணிலிருந்து பிரிந்த பிறகுதான் அது திருட்டுக்கு உட்படும். ஆகவே நீங்கள் எதைப் பாவமில்லை என்று நினைக்கிறீர்களோ அதுதான் நேரடியான குற்றம்.

தயவுசெய்து கம்பியைத் தாண்டவேண்டாம். சேலையை மறந்துவிடுங்கள். அந்த எஸ்டேட் முதலாளிக்கு எந்த ஊர்?

அன்புக் கொழுந்தன்
குமாரவேல்


கூக்கால்
19-12-1957

கொழுந்தனாருக்கு மதினி எழுதுவது.

உங்கள் அண்ணனுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்? தங்கச்சிக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டேன். கிராம்பை வைத்துக்கொண்டு உங்களோடு பேசாமல் இருக்கச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் சுகம்.

சட்டம் தெரிந்துகொண்டேன். அதை எழுதியவர் ஒரு மரத்தைக்கூட நேரில் பார்த்திருக்கமாட்டார். உங்கள் கடுதாசியைப் பக்கத்து வீட்டு நல்லசாமிக்கு வாசித்துக் காட்டி, "ஏலே, விழுந்த மரத்தைத் தொட்டாத்தான் திருட்டாம். நிக்கிற மரத்தை ஒண்ணும் சொல்லலையாம்" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

மறுநாள் வெள்ளனே அவன் அருவாளோடு உள்ளே போய், ஊரில் யாரும் தொடாத நிற்கிற மரம் ஒன்றைப் பட்டை உரித்திருக்கிறான். சுப்புராஜ் வந்ததும் ஓடக்கூட இல்லை. "நிக்கிற மரம்தான்யா. மதுரை வக்கீலே எழுதியிருக்காரு, இது திருட்டுல சேராது" என்று நியாயம் பேசியிருக்கிறான். சுப்புராஜ் அவனை அதே மரத்தில் கட்டிவைத்து, அவன் உரித்த ஈரப்பட்டையாலேயே அடித்தான். ஈரப்பட்டை சாட்டையைவிட மோசம், தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். நாங்கள் போய் அவிழ்த்தபோது மரமும் அவனும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். குப்புறப் போட்டு மஞ்சள் அரைத்துத் தடவினேன். "மதினி, சட்டம் மாறிருச்சா?" என்று கேட்டான். நான் இன்னும் கொஞ்சம் மஞ்சள் அரைக்கப் போனேன்.

இப்போது சுப்புராஜ் சந்தைக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு ஆண் பெண் எல்லார் உள்ளங்கையையும் பார்க்கிறான். பட்டைச் சாற்றோடு அருவாள் இரும்பும் சேர்ந்தால் கை கறுத்துப்போகும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறுப்பு இருந்தால் துப்பாக்கிக் கட்டையால் விரல் மேல் ஒரு போடு. ஊரில் பாதிப் பேருக்குக் கஞ்சிக் கிண்ணத்தை இன்னொருவர் பிடிக்கவேண்டியிருக்கிறது. நான் கையை மடியில் கட்டிக்கொண்டு புதுப்பெண் மாதிரி நடக்கிறேன்.

முதலாளிக்கு உங்கள் ஊர்தான். கீழமாசி வீதியில் ஜவுளிக்கடையாம்.

கந்தம்மாள்


மதுரை
22-2-1958

மதிப்பிற்குரிய மதினிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கோர்ட்டு வேலை அதிகம். உங்கள் இருவரின் உடல்நிலை எப்படி? நாங்கள் நலம், பல்வலி தீர்ந்தது.

நல்லசாமி விஷயம் படித்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் எழுதியதை அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. கொடைக்கானல் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அடிக்க எந்தக் காவல்காரனுக்கும் அதிகாரம் கிடையாது. புகாரில் என் பெயரோ வக்கீல் ஐயா பெயரோ வரவேண்டாம்.

முதலாளியைப் பற்றி விசாரித்ததை மறந்துவிடுங்கள். சும்மாதான் கேட்டேன்.

அண்ணன் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

குமாரவேல்


கூக்கால்
9-3-1958

கொழுந்தனாருக்கு,

எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறதே என்று பார்க்கவேண்டாம். கஞ்சிப் பானை வலது கையைச் சுட்டுவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இங்கே உடம்பு விசாரிக்கிற அளவுக்கு ஆள் மிச்சமில்லை.

செவலை தும்பை அறுத்துக்கொண்டு கம்பியில் ஒரு இடைவெளி பார்த்து உள்ளே போய்விட்டது. சுப்புராஜ் அதைச் சுட்டான். ஒரேயடியாகவும் சாகவில்லை. வயிற்றில் வாங்கிக்கொண்டு சத்தம் போட்டது. உங்கள் அண்ணன் அருவாளை எடுத்துக்கொண்டு கம்பியைத் தாண்டிப் போனார், அதன் கழுத்தை அறுத்து வேதனையை முடிக்கலாம் என்று. முடித்தும்விட்டார்.

அப்போது சுப்புராஜ் வந்து மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினான். கறுப்பு. "மாடும் களவாணி, இதுவும் களவாணியா?" என்றான். கையைக் கம்பி மேல் விரித்துவைத்து அதன் மேல் பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றான். முள் புறங்கை வழியாக வெளியே வந்தது. அவன் குனிந்து பார்த்தான். மூக்குப்பொடி நாற்றம், இப்போதும் மூக்கைவிட்டுப் போகவில்லை. அருவாள் மற்றக் கையில் இருந்தது. ஒரே வீச்சு. கம்பியைப் பிடித்திருந்த அவனுடைய மூன்று விரல் அந்தப் பக்கம் விழுந்தது. விழுந்ததை யாரும் கல் வைத்து எடுக்கவில்லை.

நான் அந்த நேரம் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்ததும் உங்கள் அண்ணன், "நான்தான் வெட்டினேன்" என்று முன்னால் போய் நின்றார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள்.

உங்கள் வக்கீல் ஐயாவைக் கையில் காலில் விழுந்து கூட்டிவாருங்கள்.

கந்தம்மாள்


மதுரை
17-3-1958

மதினிக்கு,

கடிதம் கண்டதும் பஸ் ஏறிக் கொடைக்கானல் சப்ஜெயிலில் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். நேரமில்லாததால் கூக்காலுக்கு வரவில்லை. அண்ணன் என்னிடம் பேசியது, "உன் மதினி கைக்கு மருந்து போடுறாளான்னு கேட்டு எழுது" என்பது ஒன்றுதான்.

அண்ணனுடைய இரண்டு உள்ளங்கையையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர்களுக்கு மூக்குப்பொடி நாற்றம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. இதற்குப் பதில் எழுதவேண்டாம். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்களும் இதை அப்படியே செய்யுங்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அண்ணன் பொய் சொல்வதன் காரணம் தெரிகிறது. வெட்டுப்பட்டவன் ஏன் அதே பெயரைச் சொல்கிறான்?

புண்ணில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது, கஞ்சி சுட்ட புண்ணில்.

குமாரவேல்


கூக்கால்
6-4-1958

கொழுந்தனாருக்கு,

கஞ்சி சுட்ட புண் ஆறிவருகிறது. விரல்தான் முழுக்க மடங்கமாட்டேன் என்கிறது. இனி யாரையும் குட்ட முடியாது. நீங்கள் தைரியமாக வரலாம். அங்கே இருவரும் சுகமா?

உங்கள் அண்ணனைப் பார்க்கப் போனேன். முன்பல் நான்கும் இல்லை. "படியில விழுந்துட்டேன்" என்றார். அந்தக் கட்டடத்தில் படியே கிடையாது. மூச்சு இழுக்கும்போது விலாவைப் பிடித்துக்கொள்கிறார். "அருவாளை எந்தப் பக்கம் போட்டாய்" என்று கேட்டு அடித்தார்களாம். அவருக்குத் தெரிந்தால்தானே சொல்வார்? நான் போய் இடத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். "உனக்கெப்படி தெரியும்?" என்று அந்தப் போலீஸ்காரர் கேட்கவே இல்லை. பொம்பளை என்றால் வீட்டைக் கூட்டும்போது பார்த்திருப்பாள் என்று நினைத்துவிட்டார்போல.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை சந்தையில் கிடைத்தது. சுப்புராஜ் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "எதுக்க நின்னு வெட்டினான், ஆம்பளை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். பட்டாளத்து மீசை ஒரு பொம்பளை கையால் வெட்டுப்பட்டது என்று தெரிந்தால் நாளைக்கு எந்த எஸ்டேட்டில் அவனைக் காவலுக்கு வைப்பார்கள்? அவனுக்கு அவன் மீசை. உங்கள் அண்ணனுக்கு நான். இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள்.

போன வாரம் எஸ்டேட் ஆட்கள் வந்து நம் வைக்கோல் படப்பையும் மாட்டுக் கொட்டகையையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். தடுக்கப்போன நல்லசாமியின் கால் எலும்பை உடைத்தார்கள். முதுகு இப்போதுதான் ஆறியது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

வக்கீல் ஐயா என்ன சொன்னார்?

கந்தம்மாள்


மதுரை
30-5-1958

மதினிக்கு,

நலம் விரும்புகிறேன். வக்கீல் ஐயாவால் இந்தக் கேஸை எடுக்க இயலாது. வேறொரு இளம் வக்கீலை ஏற்பாடு செய்திருக்கிறேன், நல்லவர். விசாரணை ஜூலையில் மதுரையில் வரும். நீங்கள் வரவேண்டாம். வந்தாலும் வாய் திறக்கவேண்டாம். அண்ணனுடைய விருப்பமும் அதுதான்.

குமாரவேல்


கூக்கால்
21-7-1958

கொழுந்தனாருக்கு மதினி எழுதுவது.

உடம்பு சுகம். நீங்களும் சுகம் என்று தெரியும், நேரில்தான் பார்த்தேனே. எஸ்டேட் வக்கீலுக்குப் பின்னால் கேஸ் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் உள்ளே வந்ததும் குனிந்தவர் கடைசிவரை நிமிரவில்லை. கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் தரையையே பார்த்ததால், மேலே நடந்ததை எழுதுகிறேன்.

கூண்டில் சுப்புராஜ் நின்றான். மிச்சமிருக்கிற இரண்டு விரலால் சல்யூட் வைத்தான். உங்கள் அண்ணனைக் காட்டி, "இவன்தானுங்க" என்றான். உங்கள் அண்ணன், "ஆமாங்க" என்றார். பல் இல்லாததால் காற்றாக வந்தது.

அப்போதுதான் நான் எழுந்தேன். "அய்யா, வெட்டினது நான். மாட்டைக் கொல்லக் கம்பியைத் தாண்டினதும் நான், அருவா என் அருவா" என்று சொல்லி, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினேன். முள் ஏறின தழும்பு வரிசையாக இருக்கிறது. ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். சுப்புராஜைத் திரும்பிப் பார்த்து, "இந்த அம்மாவா?" என்று கேட்டார்.

சுப்புராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. "பொம்பளையாங்க என்னை வெட்டுறது? இவளை நான் பார்த்ததே இல்லை" என்றான். என் கையில் ஏறி நின்றவன். என்னைத் தெரியாதாம்.

ஜட்ஜ் உங்கள் அண்ணனைக் கேட்டார். "அவளுக்குக் கிறுக்குங்கய்யா. என்னைக் காப்பாத்தணும்னு பேசுறா. அவ வீட்டுல கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்தா" என்றார். நான் சொல்லிக்கொடுத்த கஞ்சியையே என் தலையில் ஊற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் நான் உண்மை சொன்னபோதுதான் சிரித்தார்கள். மற்ற நேரமெல்லாம் நான்தான் சிரிக்கவைப்பேன்.

அவருக்கு இரண்டு வருஷம். பிறகு எஸ்டேட் வக்கீல், அதுதான் உங்கள் வக்கீல் ஐயா, எழுந்து, இந்த அம்மாள் கம்பியைத் தாண்டியதாகத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார் என்றார். வெட்டினேன் என்றதை ஒருத்தரும் நம்பவில்லை. தாண்டினேன் என்றதை உடனே நம்பினார்கள். கொடைக்கானலுக்கு அனுப்பி அதற்குத் தனியாகக் கேஸ் போட்டு அபராதம் கட்டவைத்துவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்றைக்கே காதுத் தோட்டைக் கழற்றிக் கட்டினேன்.

உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று தங்கச்சி வருத்தப்படவேண்டாம்.

கந்தம்மாள்


மதுரை
18-9-1958

மதினிக்கு,

எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது.

நீங்கள் முதல் கடிதத்தில் எஸ்டேட் பெயரை எழுதியபோதே எனக்குச் சந்தேகம், ஊரைக் கேட்டது அதை உறுதி செய்யத்தான். அந்த முதலாளி ஐயாவுக்குப் பெரிய கட்சிக்காரர். வேலை போய்விடும் என்று பயந்தேன். அண்ணன் மீதான புகாருக்கு நான்தான் கார்பன் வைத்து நகல் எடுத்தேன்.

ஆவணி பிறந்ததும் அங்கிருந்து நின்றுவிட்டேன். இப்போது அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மனுப்போட்டு இரண்டு முறை அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு இருமல் இருக்கிறது. உள்ளே தறி வேலை கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கோபமில்லை என்கிறார். அதுதான் தாங்கமுடியவில்லை.

நீங்கள் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

குமாரவேல்


கூக்கால்
12-10-1958

கொழுந்தனாருக்கு மதினி எழுதுவது.

நான் சுகம். தங்கச்சி முழுகாமல் இருப்பதாக ராவுத்தர் சொன்னார். இதை எழுதாமல், கார்பன் வைத்ததை எழுதியிருக்கிறீர்கள். திட்டுவதென்றால் அதற்குத்தான் திட்டவேண்டும். பிள்ளை உங்கள் சாயலில் பிறந்தாலும் பரவாயில்லை, கழுத்து மட்டும் நிமிர்ந்து நிற்கட்டும். இதோடு திட்டு முடிந்தது.

சுப்புராஜை எஸ்டேட்டில் நிறுத்திவிட்டார்கள். விசில் பிடிக்க விரல் காணாதாம். புதுக் காவக்காரன் நாய் வைத்திருக்கிறான். முதல் நாளே ஒரு பொம்பளையின் கெண்டைக்காலைக் கவ்வியது. நேற்றுக்கூடக் காற்று அடித்து உள்ளே மரம் விழுகிற சத்தம் கேட்டது. ஊரில் யாரும் எழுந்திருக்கவில்லை. நல்லசாமி மட்டும் நொண்டிக்கொண்டு கம்பி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மதுரை ஜெயிலில் உங்கள் அண்ணனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என்னென்னவோ கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்பதுதான் முதலில் வந்தது. அவர் யோசித்துவிட்டு, "உள்ள போனா நீ பேசாம இருக்கமாட்டே. அடிச்சே கொன்னிருப்பாங்க" என்றார். நான் சிரித்தேன். அவரும் ஓட்டை வாயால் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்து, கைத்துணியில் ரத்தம் வந்தது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "உருளை போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். போடவில்லை. மணி அடித்துவிட்டார்கள். அந்தக் கம்பியில் முள் இல்லை. அதனால் விரலை உள்ளே விட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் மடங்கலையா?" என்றார்.

நீங்கள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை வைத்து அவருக்கு மருந்து கிடைக்க மனு எழுதுங்கள். உங்கள் சட்டம் அதற்காவது உதவட்டும்.

வெளியே வந்து வத்தலக்குண்டு பஸ் என்று ஏறி உட்கார்ந்தேன். அது பழனி பஸ். ஒட்டன்சத்திரத்தில்தான் தெரிந்தது. இறங்கினேன். அங்கே ஒரு வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தேன். மூட்டை பிரிந்துவிட்டது. பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஊர் வந்து சேர்ந்தேன்.

மதினி
கந்தம்மாள்